சேரன்மாதேவியில் கொடுத்த இரண்டு வாக்கு

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு தம்பி மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே நின்றான். பொறியியல் முடித்தவன். வீட்டில் முதல் பட்டதாரி. அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டி, ஒரு கோடிங் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தான். வேலை கிடைக்கவில்லை. கடைசியில் அதே நிலையம் அவனை அடுத்த பேட்சுக்குப் பயிற்றுநராக வைத்துக்கொண்டது. ‘எங்களிடம் படித்து வேலை பெற்றவர்கள்’ என்ற பேனரில் அவன் படமும் இருக்கிறது.

“அண்ணே, நான் படிச்சு முடிச்சே அஞ்சு மாசந்தான் ஆவுது. கிளாஸ்ல யாராவது கேட்டா மூணு வருசம் ஐடி கம்பெனி அனுபவம்னு சொல்லச் சொல்லுதாங்க. வாறதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைய. என்ன செய்யட்டும்?”

பொய் சொல்லாதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். புதுப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்திலிருந்து. அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்து வருகிறார்கள்? பேனரில் இருக்கும் அவன் படத்தைப் பார்த்து. அவன் உண்மை சொன்னால் அந்தப் பிள்ளைகளின் பணம் மிஞ்சும், அவன் வேலை போகும். இது ஒரு தம்பியின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது. நிலையமே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

அவன் ஊருக்குப் போகும் பஸ் சேரன்மாதேவி வழியாகத்தான் போகும். அதனால் அந்த ஊரில் நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு கதையை அவனிடம் சொன்னேன். உங்களில் பலருக்கு அது பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையின் ஒரு வரியாகத் தெரிந்திருக்கும். நான் அதை வேறு கேள்வியோடு பார்க்கிறேன். ஒரு கல்வி நிலையம் பணம் கொடுத்தவர்களிடம் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக எப்படி நடந்தது, கேள்வி வந்தபோது அதை நடத்தியவர் எதைப் பதிலாக வைத்தார் என்பதுதான் அந்தக் கேள்வி.

1922 இறுதியில் வ.வே.சு. ஐயர் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மாதேவிக்கு இடம் மாறியது. பரத்வாஜ ஆசிரமம் என்றும் அதற்குப் பெயர். ஒத்துழையாமை இயக்கத்தின் காலம் அது. அரசுப் பள்ளிகளை விட்டு வெளியே வாருங்கள் என்று காங்கிரஸ் அழைத்திருந்தது. வெளியே வரும் பிள்ளைகள் படிக்க தேசியப் பள்ளிகள் வேண்டும். தாமிரபரணிக் கரையில் தமிழிலேயே கல்வி, கூடவே உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி என்ற திட்டத்தைக் கேட்டவுடன் பணம் கொடுக்கத் தோன்றும். கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. அன்றைய 10,000 ரூபாய் பெரும் தொகை. செட்டிநாட்டிலிருந்தும் கடல் கடந்து வாணிபம் செய்த தமிழர்களிடமிருந்தும் நன்கொடை வந்தது. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணரல்லாதார்.

ஐயர் சாதாரண ஆள் இல்லை. இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் நாமும் நேர்மையற்றவர்கள் ஆவோம். திருச்சி வரகனேரியில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து, அரச விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தவர். இந்தியா ஹவுஸ் புரட்சியாளர்களோடு இருந்தவர். 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரிக்கு வந்து, அங்கே பத்தாண்டு இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்ததற்காக 1921இல் சிறைக்குப் போனவர். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற சிறுகதைக்காக இன்றும் பாடப்புத்தகத்தில் இருப்பவர். குருகுலத்துக்குப் பணம் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த வரலாறு. அவரை நம்பித்தான் கொடுத்தார்கள்.

1924 வாக்கில் விஷயம் வெளியே கசிந்தது. குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு. தனித் தண்ணீர்ப் பானை, வேறு உணவு, வேறு வழிபாடு என்றும் குற்றச்சாட்டுகள் வந்தன. இவற்றில் எது எவ்வளவு என்பதில் இன்றுவரை இரு தரப்பும் வேறு வேறாகச் சொல்லும். ஆனால் ஒன்றில் சண்டையே இல்லை, ஏனென்றால் அதை ஐயரே ஒப்புக்கொண்டார். இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் பிள்ளைகள் தனியாகத்தான் உண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்தார்கள். அவர் சம்மதித்து வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று கேட்டார்.

அவர் இன்னொரு வாக்கும் கொடுத்திருந்தார். இது தேசியக் குருகுலம், தேசத்தின் எல்லாப் பிள்ளைகளுக்குமானது என்ற வாக்கு. அதை நம்பித்தான் காங்கிரஸும் நன்கொடையாளர்களும் பணம் கொடுத்தார்கள். இரண்டு வாக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இரண்டாவதை நம்பியவர்களுக்கு முதலாவது வாக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. இன்று ஆங்கிலத்தில் பெரிய பெரிய பெயர் வைத்துப் பேசும் நலமுரண் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். இரண்டு பேரிடம் கடமைப்பட்டிருக்கிறீர்கள், அதில் ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது. ஐயர் சாதி வெறியரா இல்லையா என்ற விவாதம் நூறு வருஷமாக நடக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். அப்போதும் ரசீது கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொல்லும் கடமை இருந்தது.

சேலத்தில் ‘தமிழ்நாடு’ பத்திரிகை நடத்திய டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு இதைப் பெரிய விவகாரமாக்கினார். காங்கிரஸ் கமிட்டிச் செயலாளராக இருந்த ஈ.வெ.ரா., மீதி 5,000 ரூபாயைக் கொடுக்க மறுத்தார். தனக்குத் தெரியாமல் இணைச் செயலாளர் ஒருவர் மூலம் அந்தப் பணமும் வாங்கப்பட்டுவிட்டது என்று பெரியார் பின்னாளில் சொன்னார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரியார் வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. முதல் தவணை போன அதே கமிட்டியின் செயலாளர் அவர். என் கமிட்டியின் பணம் எங்கே போயிருக்கிறது என்று அவர் கேட்டதில், தன் பங்குப் பொறுப்பும் இருந்தது. வரதராஜுலு நாயுடுவின் கதை வேறு. கட்சிக்குள் அவருக்கு அரசியல் கணக்குகள் இருந்தன, பின்னாளில் இந்து மகாசபைக்கே போனார். அம்பலப்படுத்துகிறவர் சுத்தமானவராக இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் எதுவும் அம்பலமாகாது. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அதே மாதங்களில் வைக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைக்காகக் காங்கிரஸ் சத்தியாகிரகம். பெரியார் அதற்காகச் சிறை போனார். அங்கே தெருவுக்குப் போராடிய கட்சியின் பணத்தில் இங்கே தனிப்பந்தி நடந்தது. 1925 மார்ச்சில் காந்தி வைக்கத்துக்கும் சென்னைக்கும் வந்தபோது குருகுலப் பிரச்சினை அவரிடம் போனது. அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றட்டும், இனிச் சேர்ப்பவர்களுக்கு அப்படி நிபந்தனை கூடாது என்ற திசையில் அவர் சமரசம் சொன்னார். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் காப்பாற்றப்பட்டது எந்த வாக்கு என்று பாருங்கள். ரகசியமாகக் கொடுத்தது. பகிரங்கமாகக் கொடுத்தது அடுத்த பேட்ச் வரை காத்திருக்க வேண்டும்.

1925 ஏப்ரல் இறுதியில் திருச்சியில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த அமைப்பும் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். 19க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. சேர்ந்து உண்ணும்படி யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று வாதிட்ட ராஜாஜி, டி.எஸ்.எஸ். ராஜன், கே. சந்தானம் உள்ளிட்டோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை தி.ரா. மகாதேவ ஐயரிடம் ஒப்படைத்தார். ஜூன் தொடக்கத்தில் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனபோது, தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து அவரும் இறந்தார். அவருக்கு வயது 44. அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஐயரின் ஆதரவாளர்கள் அன்றும் இன்றும் வைக்கும் பதில் ஒன்று உண்டு. எப்பேர்ப்பட்ட தியாகி, அவரைப் போய்க் கணக்குக் கேட்கலாமா? லண்டனும் புதுச்சேரியும் சிறையும் உண்மைதான். ஆனால் கேள்வி ஊட்டுப்புரையைப் பற்றியது. ஊட்டுப்புரையைப் பற்றிக் கேட்டால் லண்டனைப் பதிலாகக் கொடுப்பது ஒரு பழைய வித்தை. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டால், எங்கள் நிறுவனர் அமெரிக்காவில் பதினைந்து வருஷம் இருந்தவர் என்று இன்று பதில் வருகிறதே, அது இதன் பேரப்பிள்ளை. அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஐயரின் அனுபவம் நிஜம். இப்போதைய பதினைந்து வருஷத்தில் எவ்வளவு நிஜம் என்பதே தெரியாது.

சேரன்மாதேவிக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளத்தாக்கில் இதே கேள்வி இன்னொரு விதமாகத் தீர்க்கப்பட்டது. அது நம் வரலாற்றுப் புத்தகங்களில் அதிகம் வராது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே ஒரு செமினரி நடத்தினார். உயர்சாதி மாணவர்கள் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாணவர்கள் வெளியேறினார்கள், செமினரியைக் கொஞ்ச காலம் மூடவே வேண்டியிருந்தது. மீண்டும் திறந்தபோது சேர்ந்து உண்பதுதான் நிபந்தனை. மிஷனரிகள் எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சாதிக்குத் தனி பெஞ்சு போட்ட மிஷன்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ரேனியஸ் நிபந்தனையை வாசலிலேயே சொன்னார், அதனால் மாணவர்களை இழந்தார். ஐயர் வாசலில் சொல்லவில்லை, அதனால் மாணவரும் பணமும் வந்தன. நேர்மைக்கு ஒரு விலை உண்டு. ரேனியஸ் அதை முன்கூட்டியே கட்டினார்.

இனி நம் பங்குக்கு வருவோம். குருகுலச் சண்டை முழுக்க பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கோட்டில்தான் ஓடியது. அந்தப் பந்தியில் நம் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்பது மையக் கேள்வியாகவே வரவில்லை. 1924இல்தான் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தத் தடை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதாவது சேரன்மாதேவியில் எந்தப் பானையில் தண்ணீர் குடிப்பது என்று சண்டை நடந்தபோது, நம் பாட்டன்மாருக்குக் கிணறே சண்டையாக இருந்தது. திருச்சியில் 19 பேராகக் கை தூக்கியவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய் வீட்டுப் பந்தியில் யாரை உட்கார வைத்தார்கள்? தீர்மானத்தில் இருந்த ‘பிறப்பால் உயர்வு தாழ்வு’ என்ற சொற்கள் நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டவை. அவை எதிர்த்தரப்பைக் கேள்வி கேட்க உதவின. சொன்னவர்களையே திருப்பிக் கேட்க இன்னும் அதிகக் காலம் பிடித்தது.

இதனால்தான் கோடிங் வகுப்பின் கதை நமக்குத் தனியாக உறைக்கிறது. அப்பா கம்பெனியில் இருக்கும் பிள்ளைக்கு, இந்த சாருக்கு நிஜமாகவே அனுபவம் இருக்கிறதா என்று விசாரிக்க மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். முக்கூடலிலிருந்தோ வீரவநல்லூரிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு பேனர் மட்டும்தான் இருக்கிறது. தகவல் என்பதும் ஒரு கிணறுதான், அதில் யார் இறைக்கலாம் என்பது இன்னும் பிறப்பைப் பொறுத்தே இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2017இல் லாம்டா ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, பின்பு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு கோடிங் பயிற்சி நிறுவனம் இருந்தது. இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்தபின் சம்பளத்திலிருந்து கொடுங்கள், நீங்கள் ஜெயித்தால்தான் நாங்கள் ஜெயிப்போம் என்பது அதன் விளம்பரம். 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை அதன் மீதும் தலைவர் மீதும் நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம், உள்கணக்கில் 50 சதவீதத்தை ஒட்டி, சில பேட்சுகளில் 30 வரை. ஒரு பேட்சில் நூறு சதவீதம் பேருக்கு வேலை என்று தலைவர் பெருமையாக ட்விட்டரில் எழுதினார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர். இதைவிட முக்கியமானது இன்னொன்று. மாணவர்கள் பின்னால் கொடுப்பதாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு விற்றுக் காசு பார்த்தது. மாணவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அதன் கைக்கு ஒரு பங்கு வந்துவிட்டது. ஒரு வாக்கு மாணவருக்கு, இன்னொரு வாக்கு முதலீட்டாளருக்கு. சேரன்மாதேவிதான்.

இந்தியாவில் 2020இல் வைட்ஹாட் ஜூனியர் சிறு பிள்ளைகளுக்குக் கோடிங் கற்றுத்தருவதாகச் செய்த விளம்பரங்கள் நினைவிருக்கும். கூகிளில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒரு சிறுவனை விளம்பரத்தில் காட்டினார்கள், அப்படி ஒரு சிறுவனே கிடையாது. விளம்பரத் தர மன்றத்துக்குப் புகார் போய், சில விளம்பரங்களை விலக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆசிரியர்களின் கோடிங் அனுபவம் என்ன என்று கேள்வி எழுப்பிய பிரதீப் பூனியா மீது 20 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள், அடுத்த ஆண்டு வாபஸ் வாங்கினார்கள். ஆசிரியருக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு 20 கோடி ரூபாய் விலை வைத்த காலம் நம்முடையது.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் நிலையங்களுக்கு அது பொருந்தும். பயிற்றுநரின் தகுதி, கட்டணம், தேர்ச்சி விகிதம், வேலை உறுதி பற்றிப் பொய் சொல்லக் கூடாது. வெற்றிபெற்றவரின் படத்தை அவர் வெற்றிபெற்ற பிறகு சம்மதம் வாங்கித்தான் போட வேண்டும், அவர் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. நிலையத்துக்குப் போனால் மூன்றைக் கேளுங்கள். போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் வெளிக் கம்பெனியில் இருக்கிறார்கள், உங்களிடமே வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதைக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைக் கவனியுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். அவரும் அம்மாவின் கம்மலை மீட்க வேண்டியவராக இருக்கலாம்.

அந்தத் தம்பிக்கு நான் வேலையை விடு என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை, வட்டி நானா கட்டப்போகிறேன்? அவன் சேரன்மாதேவிக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான், “அந்த ரெண்டு பிள்ளைக்கும் தெரியுமாண்ணே, தங்களால இவ்வளவு சண்டைன்னு?” எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர்கள் எழுதிய அறிக்கைகளும் தீர்மானங்களும்தான் நமக்குக் கிடைக்கின்றன.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தான். புது பேட்சின் முதல் வகுப்பில், இந்தப் படிப்பை நான் முடித்தது போன மார்ச்சில், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறேன், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லிவிட்டானாம். ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. மேனேஜர் கூப்பிட்டு சத்தம் போட்டிருக்கிறார்.

“பேனர்ல படத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன் அண்ணே. இன்னும் எடுக்கல.”